அழகுப் புல்லுக்கு உயிர் தூரில்

நீங்கள் கேட்டிருப்பது மூன்று தொல்லைகளைப் பற்றி. ஊதா ஃபவுண்டன் கிராஸ் பூத்ததும் நாலாபக்கமும் சாய்ந்து படுத்துவிடுகிறது. ஐந்து வருடமான மிஸ்காந்தஸ் தூரின் நடு காய்ந்துபோய், ஓரத்தில் மட்டும் வளையமாகத் துளிர்க்கிறது. நீல ஃபெஸ்க்யூ நட்ட முதல் மழைக்காலத்திலேயே அழுகிவிட்டது. இனி எதை நடலாம், எப்போது வெட்டலாம், எப்படிப் பிரித்து வைக்கலாம் என்பதும் கூடவே. மூன்றும் வேறு வேறு நோய் போலத் தெரியும். ஆனால் மூன்றுக்கும் பதில் மண்ணை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள், தூரில்தான் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வளரும் முனை கிளை நுனியில் இருக்கும். புல்லுக்கு அப்படியில்லை. இலைகளை இரண்டு கையாலும் விலக்கி, அடியிலிருந்து ஒரு சிம்பை, அதாவது தூரிலிருந்து கிளைத்த ஒற்றைத் தண்டை, பிடுங்கி, கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கியிருக்கும். அவற்றின் உச்சியில் குண்டூசித் தலை அளவில் வெள்ளையாக ஒரு முனை தெரியும். குருத்து பிறக்கும் இடம் அதுதான். இலையும் தன் அடியிலிருந்துதான் நீள்கிறது. அதனால்தான் நுனியை மாடு மேய்ந்தாலும் கத்தரி நறுக்கினாலும் புல் பாட்டுக்கு வளர்கிறது. ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு உண்டு. அது வெடித்தால் பக்கச் சிம்பு. நெல் தூர் கட்டுவதும் இதே கணக்குத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தூர் மண்ணில் புதைந்தால் அழுகும், மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் காயும். பூத்த சிம்பு மறுபடி வளராது. அதன் வளரும் முனையே கதிராக மாறி மேலே போய்விட்டது. புதுச் சிம்புகள் பெரும்பாலும் பழையவற்றின் வெளிப்புறத்தில்தான் வரும். ஆகவே தூர் வருடா வருடம் வெளியே நகர, நடுப்பகுதி கிழடு தட்டிப்போகும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

நர்சரியில் உயரத்தையும் நிறத்தையும் கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இந்தப் புல் தூர் கட்டுமா, மண்ணுக்கடியில் ஓடுமா? இது வெயில் புல்லா, குளிர் புல்லா?

ஓடும் புல்லுக்குக் கிடைமட்டமாக வேர்த்தண்டு இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி, நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் அது தலை நீட்டும். தருப்பை இனத்தில் சிவப்பு நுனியோடு விற்கும் இம்பெராட்டா, வெள்ளை வரியோடு வரும் ஃபலாரிஸ், வரிபோட்ட கொறுக்கை, நாணல் எல்லாம் இந்த வகை. தூர் கட்டும் புல் நட்ட இடத்திலேயே நின்று மெதுவாகப் பருக்கும். ஃபவுண்டன் கிராஸ், மிஸ்காந்தஸ் சினென்சிஸ், பம்பாஸ், மூலி கிராஸ், ஃபெஸ்க்யூ, வெட்டிவேர், எலுமிச்சைப் புல் ஆகியவை இதில் சேரும். சந்தேகமாக இருந்தால் தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே உருவிப் பாருங்கள். வேருக்கு நடுவே பென்சில் பருமனில், கணுவோடும் கூரான முனையோடும் வெள்ளைத் தண்டு தொட்டிச் சுவரைச் சுற்றி ஓடியிருந்தால் அது ஓடும் புல்.

வெயில் புல் 27 முதல் 35 டிகிரி வெப்பத்தில் கொழிக்கும்; குளிர் வந்தால் தூங்கிவிடும். குளிர் புல்லுக்கு 15 முதல் 24 டிகிரிதான் நல்ல காலம். கடும் வெயிலில் அது தூங்கும் அல்லது செத்துப்போகும். எப்போது வெட்டுவது, எப்போது பிரிப்பது, எப்போது உரம் வைப்பது எல்லாவற்றையும் இந்த ஒரு வேறுபாடுதான் முடிவுசெய்கிறது. ஃபவுண்டன், மிஸ்காந்தஸ், மூலி, பனிக்கம், வெட்டிவேர் எல்லாம் வெயில் புல். நீல ஃபெஸ்க்யூ, ஸ்டிபா, காலமக்ரோஸ்டிஸ் எல்லாம் குளிர் புல்.

உங்கள் நீல ஃபெஸ்க்யூ ஏன் செத்தது என்பது இங்கேயே தெரிந்துவிடும். வறண்ட, காற்றோட்டமான, குளிர்ந்த சரிவுகளின் புல் அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து வந்தால், ஊசி ஊசியாக நெருங்கிய இலைகளுக்குள் காற்று புகாமல் தூர் வெந்துபோகும். ஒரு சிம்பை லேசாக இழுத்தால் அடி பழுப்பாக, வழவழப்பாக, வேரில்லாமல் கையோடு வரும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மருந்து எதுவும் வேலை செய்யாது. குளிர்ந்த நாட்டில்கூட இது நீண்ட ஆயுள் உள்ள செடி இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட்டால்தான் நிற்கும். மழையும் புழுக்கமும் சேரும் இடத்தில் இருப்பவர்கள் இதைத் தரையில் நடுவதை விட்டுவிடலாம். ஆசை விடவில்லை என்றால், பாதிக்குப் பாதி பருமணல் கலந்த தொட்டியில், மழைச்சாரல் படாத கூரை விளிம்புக்குக் கீழே வெளிச்சத்தில் வையுங்கள்.

எதை நடலாம்

வெயில் அடிக்கும் தோட்டத்துக்கு முதல் புல்லாக ஊதா ஃபவுண்டன் கிராஸைத்தான் சொல்வேன். 90 முதல் 120 செ.மீ. உயரம், கருஞ்சிவப்பு இலை, நரி வால் போல வளைந்த பூ. லேபிளில் சிலர் பென்னிசெட்டம் என்றும் சிலர் செங்க்ரஸ் என்றும் போட்டிருப்பார்கள். தாவரவியலார் முதல் பேரினத்தை இரண்டாவதோடு சேர்த்துவிட்டதால் வந்த குழப்பம் இது, செடி ஒன்றுதான். ‘ரூப்ரம்’ என்ற ஊதா வகை பெரும்பாலும் முளைக்கும் விதை வைக்காது. தூரைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். உறைபனி விழும் இடத்தில் இதை ஓராண்டுச் செடியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பச்சை ஃபவுண்டன் வகையை வாங்கும்போது எச்சரிக்கை வேண்டும். வடகிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த அந்தப் புல், ஹவாய்த் தீவுகளில் எரிமலைக் குழம்பு உறைந்த வெற்றுத் தரைகளில் பரவி, அங்கே முன்பு இல்லாத அளவுக்குக் காட்டுத்தீக்கு எரிபொருளாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பம்பாஸும் இதேபோலத்தான். 2 முதல் 3 மீட்டர் உயரம், வெள்ளிப் பூந்தோகை, பார்க்கப் பிரமாதம். ஆனால் அதன் பஞ்சு விதை காற்றில் வெகுதூரம் போகும். கலிஃபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் அது களை. சிறிய தோட்டத்தில் பம்பாஸ் நடுவது பெரும்பாலும் வருத்தத்தில்தான் முடியும். பூவுக்காக வாங்குகிறோம், வருடத்தில் பத்து மாதம் கையைக் கிழிக்கும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். உங்கள் பகுதியில் எது தடைசெய்யப்பட்டது என்று பார்த்துவிட்டுத்தான் விதையோ செடியோ வாங்க வேண்டும்.

மிஸ்காந்தஸில் ‘கிராசில்லிமஸ்’ மெல்லிய இலையோடு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும். ‘மார்னிங் லைட்’ சற்றுக் குட்டை, ஓரத்தில் வெள்ளைக் கோடு. ‘ஜீப்ரினஸ்’ குறுக்குவாட்டில் மஞ்சள் பட்டை போட்டது. ஜீப்ராவை நட்டுவிட்டு “பட்டையே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்” என்று பலர் புலம்புவார்கள். குளிரில் வரும் முதல் இலைகளில் பட்டை தெளிவாக இருக்காது. வெப்பம் ஏறிய பிறகுதான் விழும். நிழலில் நட்டால் அப்போதும் மங்கல்தான்.

இளஞ்சிவப்பு மேகம் போலப் பூக்கும் மூலி 60 முதல் 90 செ.மீ. வரும். மணல் மண்ணும் உப்புக் காற்றும் அதற்குப் பழக்கம். தண்ணீர் தேங்கினால் மட்டும் போய்விடும். குளிர்ந்த இடமாக இருந்தால் ‘கார்ல் ஃபோர்ஸ்டர்’ என்ற காலமக்ரோஸ்டிஸை விட நம்பகமான அழகுப் புல் இல்லை. ஒரு ஜெர்மானியத் தோட்டக்கலைஞரின் பெயர் கொண்ட இந்த வகை விதை மூலம் பரவாது, ஈட்டி நட்டது போல நேராக நிற்கும். 2001இல் அமெரிக்கப் பல்லாண்டுச் செடிச் சங்கத்தின் ஆண்டுச் செடியாகத் தேர்வானது.

வெட்டிவேரை அழகுச் செடியாக யாரும் நினைப்பதில்லை. அது பெரிய தவறு. சாகுபடி வகை முளைக்கும் விதை வைக்காது, ஓடாது. வேர் 3 மீட்டருக்கும் கீழே இறங்கும். வெள்ளத்தையும் வறட்சியையும் ஒன்றுபோலத் தாங்கும். 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ஒரு வரிசை வைத்து இடுப்பு உயரத்தில் சீராக வெட்டிவந்தால், எந்த மிஸ்காந்தஸுக்கும் குறையாத பச்சைத் திரை கிடைக்கும். சரிவான தோட்டத்தில் மண்ணையும் பிடித்து நிறுத்தும்.

நிழலுக்குப் புல் கேட்பவர்களுக்கு நர்சரிகள் கொடுப்பதில் பெரும்பாலானவை புல்லே இல்லை. மோண்டோ, லிரியோப் இரண்டும் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். கேரெக்ஸ், பப்பைரஸ், குடைக் கோரை எல்லாம் கோரைக் குடும்பம். தண்டை விரலுக்கு நடுவே உருட்டினால் தெரியும்: கோரைத் தண்டு பெரும்பாலும் மூன்று விளிம்போடு உருளாமல் நிற்கும், கணு தட்டுப்படாது, புல்லின் தண்டு உருண்டை, கணு கையில் தட்டும். குடும்பம் வேறு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். மரத்தடியில் 10 செ.மீ. இடைவெளியில் நட்ட மோண்டோ, ஒன்றிரண்டு வருடத்தில் பாய் விரித்தது போல மூடிவிடும். தண்ணீர் தேங்கும் மூலைக்குக் கோரைதான் சரி.

நடுவது

அழகுப் புல்லுக்கு வளமான மண் தேவையில்லை. வடியும் மண் தேவை. 30 செ.மீ. ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பிக் கவனியுங்கள். மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இறங்கினால் போதும். மறுநாளும் தண்ணீர் நின்றால், அந்தக் குழியில் மட்டும் மணலைக் கொட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சுற்றிலும் களிமண், நடுவே மணல் என்றால் அது தொட்டி. சுற்றுப்புறத் தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து நிற்கும். அதற்குப் பதில் ஒரு மீட்டர் அகலத்துக்கு மண்ணைக் கூட்டி 20 முதல் 30 செ.மீ. உயர மேடு போட்டு அதன்மேல் நடுங்கள்.

வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இடைவெளிக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தள்ளி நடுவது. ஒரு மீட்டர் ஃபவுண்டனுக்கு 80 செ.மீ. முதல் ஒரு மீட்டர். நட்ட நாளில் இடம் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வெறுமையைப் பார்த்துப் பொறுக்காமல் நெருக்கி நடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. முதல் வருடம் இடையில் ஏதாவது பருவப் பூச்செடி போட்டுக்கொள்ளலாம். முடிந்தால் மாலை வெயில் புல்லின் பின்னாலிருந்து உங்கள் பக்கம் விழும்படி இடம் பாருங்கள். பூங்கதிரின் ரோமம் ஒவ்வொன்றும் ஒளி பிடிப்பது அப்போதுதான். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று பார்த்தால் அதே புல் வெறும் வைக்கோல்.

குழி தொட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் மட்டும் தொட்டி மண்ணின் அளவே. குழியை ஆழப்படுத்தி இளகிய மண் போட்டால் பின்னால் அது அமுங்கி, தூர் பள்ளத்துக்குள் போய்விடும். வேர் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தால் கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு கீறல் போடுங்கள். அடியில் பாயாகப் பின்னியிருப்பதை வெட்டி எறியுங்கள். புல் வேர் இதையெல்லாம் பொருட்படுத்தாது. தூர் தரை மட்டத்தில் இருக்க வேண்டும். களிமண்ணானால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலேயே இருக்கட்டும். சுற்றிலும் மண்ணை அமுக்கித் தண்ணீர் விட்ட பிறகு மறுபடி பாருங்கள்; செடி இறங்கியிருந்தால் அப்போதே தூக்கிவிட வேண்டும். மூடாக்கு 5 செ.மீ. கனம் போடலாம், ஆனால் தூரைச் சுற்றி நாலு விரல் இடம் வெறுமையாக விட்டு.

தண்ணீர் முதல் வாரம் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை, இரண்டு மாதம் கழித்துப் பத்து நாளைக்கு ஒருமுறை ஆழமாக. தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். வேர் பிடித்து ஒரு வருடம் ஆன வெயில் புல், மழை முழுதாகப் பொய்த்தால் தவிர, உங்கள் குழாயை எதிர்பார்க்காது.

உரம் விஷயத்தில் கஞ்சத்தனம்தான் நல்லது. புதுத்துளிர் வரும் நேரத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு தூருக்கு இரண்டு கைப்பிடி மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ போதும். யூரியா வேண்டவே வேண்டாம்.

சாய்வது ஏன்

உங்கள் ஃபவுண்டன் சாய்வதற்கு மூன்று காரணங்களில் ஒன்றோ, மூன்றும் சேர்ந்தோ இருக்கும்: நிழல், தழைச்சத்து (நைட்ரஜன்), தண்ணீர். நிழலில் சிம்பு வெளிச்சம் தேடி நீளும். கணுவிடை நீண்டு தண்டு மெலியும். தழைச்சத்து மிஞ்சினால் இலை கனத்துத் தண்டு இளசாகவே இருக்கும். அதன்மேல் பூவில் மழைநீர் கோத்தால் விழாமல் என்ன செய்யும்? இலை நிறத்தைப் பாருங்கள். ஊதா மங்கிப் பச்சை தட்டியிருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். செடியை இடம் மாற்றுவதே வழி. நிறம் அடர்த்தியாக இருந்தும் சாய்கிறது என்றால் புல்வெளிக்குப் போடும் உரம் இந்தப் பாத்திக்கும் வருகிறதா என்று பாருங்கள்.

இந்தப் பருவத்தைக் காப்பாற்ற, தூரிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், இலைகளுக்குள் மறையும்படி ஒரு கம்பி வளையம் போடலாம். அடுத்த பருவத்துக்கு வேறு உபாயம்: துளிர் முழங்கால் உயரம் வந்ததும், கதிர்த்தண்டு கிளம்புவதற்கு முன்னால், பாதியாக வெட்டிவிடுங்கள். பூ சில வாரம் தள்ளிப்போகும், ஆனால் தண்டு குட்டையாக உறுதியாக வரும். கதிர் உள்ளே உருவான பிறகு வெட்டினால் பூவே போய்விடும். சிம்பின் அடியை விரலால் நசுக்கிப் பார்த்தால் தட்டையாக இருக்கும் வரை வெட்டலாம். உருண்டு கணு தட்டுப்பட்டால் காலம் கடந்துவிட்டது.

வெட்டுவது

வெயில் புல்லை வருடத்துக்கு ஒருமுறை, புதுத்துளிர் கிளம்புவதற்குச் சற்று முன் வெட்ட வேண்டும். குளிர்காலம் உள்ள இடத்தில் குளிர் முடியும் தறுவாய். உறைபனியே இல்லாத இடத்தில் மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன். காய்ந்த உடனே வெட்டினால் என்ன என்று கேட்பீர்கள். மிஸ்காந்தஸ் போன்றவற்றின் அறுத்த தாளில் குளிர்கால மழை இறங்கித் தூரை அழுகவைக்கும். காய்ந்த தோகைதான் அதற்குக் கூரை. கூடவே, அந்த வைக்கோல் நிறத்துக்கும் ஒரு அழகு உண்டு. வறண்ட, தீப்பிடிக்கும் அபாயம் உள்ள ஊரானால் இந்த அழகைத் தியாகம் செய்து வீட்டை ஒட்டியவற்றை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். காய்ந்த தூரைக் கொளுத்திச் சுத்தம் செய்வது மட்டும் கூடாது. தீ தூருக்குள் இறங்கினால் மொட்டெல்லாம் கருகும்.

முதலில் முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி. இலை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பனங்கருக்கு போல மணற்சத்துப் பற்கள் இருக்கின்றன, சுணையும் ஒட்டும். சணல் கயிற்றால் முழங்கால் உயரத்தில் ஒரு கட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு கட்டு இறுக்குங்கள். கீழ்க் கட்டுக்கு அடியில் வெட்டினால் நெற்கட்டு போல அப்படியே தூக்கிப் போகலாம். கட்டாமல் வெட்டினால் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டியிருக்கும். மீதி நிற்கும் தாள் 10 முதல் 15 செ.மீ., பம்பாஸானால் 30 செ.மீ. இளம் தூரை அரிவாளால் இழுத்து அறுக்காதீர்கள், வேரோடு கிளம்பும். வேலி கத்தரிதான் சரி. துளிர் ஏற்கெனவே வந்துவிட்டால், துளிர் நுனிக்கு மேலாக வெட்டுங்கள். இல்லையென்றால் நறுக்குப்பட்ட இலை நுனி பழுப்பாக, அந்தப் பருவம் முழுதும் மொட்டையாகவே நிற்கும்.

முழுதும் காயாமல் பச்சையாகவே நிற்கும் குளிர் புல்லுக்கு இந்த மொட்டை அடிக்கும் வேலை ஆகாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஃபெஸ்க்யூவுக்கும் ஸ்டிபாவுக்கும் ரப்பர் கையுறை போட்டு, தலை கோதுவது போல அடியிலிருந்து நுனிக்குக் கோதினால் செத்த இலை தானே கழன்று வரும்.

நடு காய்ந்த தூரைப் பிரிப்பது

உங்கள் மிஸ்காந்தஸுக்கு நோயில்லை, வயது. பிரிக்கும் காலம் வந்துவிட்டது, அவ்வளவுதான். வெயில் புல்லை வெப்பம் ஏறித் துளிர் விரல் நீளம் வந்த நேரத்தில் பிரிக்க வேண்டும். பூத்த பிறகு, குளிரை நோக்கிப் போகும் காலத்தில் பிரித்தால் புது வேர் பிடிப்பதற்குள் தூர் தூங்கப்போய் அப்படியே அழுகும். குளிர் புல்லுக்கு இதற்கு நேர்மாறு: வெயில் ஏறுவதற்கு முன் அல்லது வெயில் தணிந்த பிறகு.

முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். இலையை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். தூர் விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளிச் சுற்றிலும் மண்வெட்டியால் வெட்டி, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்புங்கள். ஐந்து வருடத் தூரை ஒற்றை ஆள் தூக்குவது முதுகுக்கு ஆகாது. தரையில் இருக்கும்போதே கோடரியாலோ பழைய ரம்பத்தாலோ நாலாகப் பிளந்து, துண்டு துண்டாக எடுங்கள். நடுவில் இருக்கும் மரக்கட்டை போன்ற காய்ந்த பகுதியைக் குப்பைக்கு அனுப்புங்கள். ஓரத்துத் துண்டு ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு கைப்பிடி அளவு, ஐந்து முதல் பத்து உயிருள்ள சிம்போடு இருக்கட்டும். ஒற்றைச் சிம்பாகப் பிய்த்து நாற்பது செடி ஆக்கப் பார்ப்பவர்களுக்கு நாலு மிஞ்சும். வேர் வெயிலில் பட வேண்டாம். ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பழைய ஆழத்திலேயே நட்டுவிடுங்கள்.

தோண்ட முடியாத இடமென்றால், கூரான மண்வெட்டியால் செத்த நடுவை மட்டும் குடைந்து எடுத்து, புது மண் நிரப்பி, விளிம்பிலிருந்து ஒரு துண்டை நடுவில் வைக்கலாம். இரண்டு மூன்று வருடம் ஓடும்.

ஓடும் புல்லும் தொட்டியும்

சிவப்புத் தருப்பையை விடமாட்டேன் என்பவர்கள், அடியை அறுத்தெடுத்த பிளாஸ்டிக் பீப்பாயை 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குப் புதைத்து, விளிம்பு 5 செ.மீ. தரைக்கு மேலே தெரியும்படி விட்டு அதற்குள் நடுங்கள். விளிம்பைத் தாண்டி ஏறுகிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் முழுப் பச்சையாக ஒரு சிம்பு வந்தால் உடனே வேர்த்தண்டோடு பிடுங்குங்கள். பச்சைக்குத் திரும்பிய தருப்பை சிவப்பை விட வேகமாக ஓடும். உலகின் மோசமான களைகளில் ஒன்று அது. தொட்டியில் வைத்தாலும் செங்கல்மேல் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் வடிகால் துளை வழியே தரைக்குள் இறங்கிவிடும்.

ஊதா ஃபவுண்டனுக்கு 30 செ.மீ., பெரிய வகைகளுக்கு 45 செ.மீ. வாயுள்ள தொட்டி. இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய உரம். தென்னை நார்க்கழிவை அதிகம் சேர்த்தால் ஈரம் தங்கித் தூர் அழுகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்ற வேண்டும். அதற்குள் மண் முழுதும் வேராகியிருக்கும், விட்ட தண்ணீர் விட்ட வேகத்தில் வெளியே வந்துவிடும்.

பூச்சி, நோய், எலி

புல்லுக்குப் பெரிய எதிரிகள் கிடையாது. இலையில் காவி நிறப் பொடி விரலில் ஒட்டினால் துரு நோய். மாலையில் தலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, கெட்ட இலையை வெட்டி அப்புறப்படுத்தி, நெருக்கத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். மிஸ்காந்தஸ் காரணமில்லாமல் குட்டையாகி, கதிர் முறுக்கிக்கொண்டு வந்தால், அடியில் ஒரு இலை உறையை உரித்துப் பாருங்கள். உறைக்கும் தண்டுக்கும் நடுவே வெள்ளை மெழுகு தெரிந்தால் மாவுப்பூச்சி. மேலே தெளிக்கும் எண்ணெய்க் கரைசல் அங்கே போய்ச் சேராது. ஒன்றிரண்டு செடியில்தான் என்றால் தோண்டி அப்புறப்படுத்திவிடுவது மற்றவற்றுக்கு நல்லது.

பெரிய தூருக்குள் எலி கூடு கட்டும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரலாம். வாசற்படியை ஒட்டியும் குழந்தைகள் ஓடும் இடத்திலும் மீட்டர் உயரப் புல்லை வைக்காதீர்கள். மற்ற இடங்களிலும் அடியில் சேரும் சோகையை மாதம் ஒருமுறை வாரி எடுத்து, தூரைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பூந்தோகையை ஜாடிக்கு வெட்டுவதானால், உறையிலிருந்து முக்கால்வாசி வெளிவந்து, இன்னும் பஞ்சு விரியாத நேரத்தில் வெட்டி, தலைகீழாக நிழலில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். முழுதாக விரிந்த பிறகு வெட்டினால் வீடெல்லாம் பஞ்சு பறக்கும். விதை பரவும் இனமென்றால் அடுத்த வருடம் பாத்தியெல்லாம் முளைத்தும் கிடக்கும்.